புகைக்கு ஒரு கணக்கு, நோய்க்கு ஒரு கணக்கு

1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்டத்துக்குப் பொறுப்பேற்று வந்தார். ஊரே காய்ச்சலில் படுத்துக் கிடந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானில், மலேரியா தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்று சில மாதங்களிலேயே பேச்சு எழுந்தது. வாட்சன் சதுப்பு நீரை வடிக்க வாய்க்கால் வெட்டச் சொன்னார். ஊரை ஒட்டியிருந்த காட்டை அழிக்கச் சொன்னார். ஓரிரு ஆண்டுகளில் கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் சாவுகள் மளமளவென்று இறங்கின.

அதன் பிறகு அவர் தோட்டம் தோட்டமாகப் போனார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். மலேரியா இருந்தால் மண்ணீரல் வீங்கியிருக்கும், கைக்குத் தட்டுப்படும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம், அவர்கள் குடியிருக்கும் லயம் சதுப்பிலிருந்தும் காட்டோரத்திலிருந்தும் எவ்வளவு தூரம் என்று இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதினார். 1911இல் அது புத்தகமாக வந்தது. அவர் தொட்டுப் பார்த்த வயிறுகளில் பெரும்பாலானவை தமிழ்ப் பிள்ளைகளின் வயிறுகள். ரப்பர் முதலாளிகளுக்கு ஆள் சாகாமல் இருக்க வேண்டியிருந்தது, அதனால்தான் பணம் கிடைத்தது என்பது உண்மை. ஆனாலும் நோயையும் இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிய வேலை கிள்ளானில் நடந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது.

இன்று கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் பயம் வேறு. தாமானுக்குத் தாமான் யாருக்காவது நெஞ்சில் கட்டி, மார்பில் கட்டி, இரத்தத்தில் கோளாறு. சாவு வீட்டில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் காற்றுக்கு வந்துவிடும். 'அந்த பேக்டரி புகைதான்' என்பார் ஒருவர். 'காப்பார் கரண்டு ஸ்டேஷன்' என்பார் இன்னொருவர். 'சிகரெட்டை விடச் சொன்னோம், கேட்டாரா?' என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். மூவரும் சொல்வதில் உண்மை இருக்கலாம். எது எவ்வளவு என்று சொல்லத்தான் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏடு இல்லை.

முதலில் பழைய புகையைப் பார்ப்போம். அந்தக் காலத்துக் காற்று சுத்தம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. தோட்டத்தில் இருந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். காட்டில் வெட்டிய பாலை ஸ்டோருக்குக் கொண்டுவந்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து, பார்மிக் ஆசிட் ஊற்றித் தொட்டியில் உறைய வைப்பார்கள். உறைந்த கட்டியை உருளைகளில் கொடுத்து மெலிதாக்குவார்கள். கடைசி உருளை அதில் வரி வரியாகக் கோடு போடும். பிறகு கழிகளில் துணி காயப்போடுவதுபோல் மாட்டிப் புகைக்கூடத்துக்குள் தள்ளுவார்கள். கீழே ரப்பர் விறகு. அது கொழுந்துவிட்டு எரியக் கூடாது, மெல்லப் புகைய வேண்டும். நான்கைந்து நாள் 50, 60 டிகிரி சூட்டில் கிடந்து வெள்ளைத் தகடு தேன் நிறத்துக்கு மாறும். மாறுகிறதா என்று பார்க்கவும், கழிகளை இடம் மாற்றவும் ஆள் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். உலகம் முழுவதும் டயர் ஆலைகளுக்குப் போன 'புகையூட்டிய ரப்பர் தகடு' இப்படி ஒருவருடைய கண்ணீரோடும் இருமலோடும்தான் தயாரானது. விறகுப் புகையில் பென்சோபைரீன் என்ற பொருள் உண்டு. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் அம்மா ஒருவர் இளம் வயதில் இந்த வேலை பார்த்தவர். "உள்ள போனா மொதல்ல கண்ணு தெரியாது தம்பி. முந்தானைய வாயில கட்டிக்குவோம். வீட்டுக்கு வந்து தலையில தண்ணி ஊத்துனாலும் அந்த வாட போகாது" என்று சொன்னார். தோட்டம் விற்கப்பட்ட பிறகு ஒரு நீண்டவீட்டில் சில காலம் இருந்தார். அதற்குப் பின்னால் தொழிற்பேட்டை வந்தது. பிறகு மேரு பக்கம் வாடகை வீடு. கடைசியில் இந்த ஏழாவது மாடி. நுரையீரலில் ஏதோ தெரிகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கேள்வி கேட்டார்களாம்: புகை பிடிப்பீர்களா, இப்போது எங்கே இருக்கிறீர்கள். புகைக்கூடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

பிரிக்பீல்ட்ஸின் பழைய புகை வேறு வகை. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, அத்தாப்புக் கூரையும் பலகையும் போதும் என்ற காலம் முடிந்தது. பிரிட்டிஷ் ரெசிடென்ட் சுவெட்டன்ஹாம் செங்கல்லில் கட்டச் சொன்னார். சீனக் கப்பித்தான் யாப் குவான் செங் இங்கே சூளைகளைப் போட்டார். சூளை ஓய்ந்த இடத்தில் ரயில் வந்தது. சரக்கு வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டும், அதைச் சுற்றி ரயில்வே குவார்ட்டர்ஸும் எழுந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளார்க்கும் ஸ்டேஷன் மாஸ்டரும், தமிழ்நாட்டிலிருந்து வந்த பயர்மேனும் கேங் வேலையாளும் அந்தக் குவார்ட்டர்ஸில் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். எஞ்சினுக்குக் கரி பத்து ஆராங்கிலிருந்து வந்தது. மலாயன் காலியரீஸ் கம்பெனி 1915 முதல் 1960 வரை வெட்டிய நிலக்கரி அது. அதே கரி பக்கத்தில் பங்சார் மின்நிலையத்திலும் எரிந்தது. தெனாகா நேஷனலின் தலைமையகம் இன்று ஜாலான் பங்சாரில் நிற்கும் இடம்தான் அது. வெயிலில் காயப்போட்ட வேட்டியில் கரித்துகள் விழுந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பெண்களுக்குத் தெரிந்துவிடும்.

பழைய புகையில் ஒன்று இருந்தது: அது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். புகைக்கூடம் துரையுடையது. எஞ்சின் ரயில்வேயுடையது. சூளைக்கு முதலாளி பெயர் இருந்தது. குற்றம் சாட்ட யாருக்கும் தைரியம் இல்லாவிட்டாலும், விரலை எந்தப் பக்கம் நீட்டுவது என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. புகையைத் தின்றவர்களும் ஓடிவிடவில்லை. மூன்று தலைமுறை அதே லயத்தில் கிடந்தார்கள். வாட்சனைப் போல ஒருவர் 1955இல் வந்திருந்தால், புகைக்கூடத்தில் வேலை செய்தவர் எத்தனை பேர், செய்யாதவர் எத்தனை பேர், இருபது ஆண்டு கழித்து யாருக்கு என்ன வந்தது என்று ஒரு தோட்டத்துச் செக்ரோலை வைத்தே எழுதியிருக்கலாம். யாரும் வரவில்லை.

பிறகு பள்ளத்தாக்கு நிறையத் தொடங்கியது. 1950களில் ரப்பர் தோட்டத்தை வெட்டிப் பெட்டாலிங் ஜெயா. 1972இல் சுங்கை வே தடையற்ற வாணிப வட்டாரம். 1978இல் சிலாங்கூரின் தலைநகராக ஷா ஆலாம். 1985இல் புரோட்டோன் சாகா. தோட்டத்துப் பிள்ளைகள் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு பேக்டரி பஸ்ஸில் ஏறினார்கள். நம் குடும்பங்களில் முதல் பிரிட்ஜும் முதல் மோட்டார் சைக்கிளும் அந்தச் சம்பளத்தில்தான் வந்தன. அதை மறந்துவிட்டுத் தொழிற்சாலையைத் திட்டுவது நேர்மையாகாது.

புகை எங்கே போகும் என்பதை அப்போதே ஒருவர் எழுதி வைத்தார். தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வானிலையியல் பேராசிரியர் ஷாம் சானி 1970களிலேயே கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா காற்றை ஆராய்ந்தார். 1979இல் அவருடைய நூல் வந்தது. இந்த நிலத்தின் அமைப்பை நினைத்துப் பார்த்தால் அவர் ஏன் கவலைப்பட்டார் என்பது விளங்கும். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் மறிக்கிறது. மேற்கே கடல். பகலில் கடற்காற்று கிள்ளானிலிருந்து ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா வழியாகத் தலைநகரை நோக்கி ஏறும். இரவில் தரைக்காற்று திரும்பக் கடல் பக்கம் இறங்கும். காற்றின் வேகம் பெரும்பாலும் குறைவு. விடியற்காலையில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும், கீழே உள்ள புகை மேலே போக வழியிருக்காது. காலை ஏழு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவர் மூச்சில் இழுப்பது இரவெல்லாம் தேங்கியதையும் சேர்த்துத்தான்.

1980களின் நடுவில் காப்பார் கடற்கரையில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. படிப்படியாக வளர்ந்து 2,420 மெகாவாட் ஆனது, அதில் பெரும்பகுதி நிலக்கரியில் ஓடுகிறது. கரி கப்பலில் வந்து நிலையத்தின் சொந்தத் துறையிலேயே இறங்குகிறது. சிவப்பும் வெள்ளையுமாகத் தெரியும் அந்தப் புகைப்போக்கிகளின் காலடியில் சாம்பல் குளங்கள் இருக்கின்றன. சைபீரியாவிலிருந்து தெற்கே பறந்து வரும் கரைப்பறவைகள், கடல் ஏறும் நேரத்தில் ஓய்வெடுக்க அந்தக் குளங்களில் இறங்குகின்றன. பறவை ஆர்வலர்கள் தொலைநோக்கியோடு போய் இனம் இனமாக எண்ணிப் பதிவு செய்கிறார்கள். மிக நல்ல வேலை. காப்பாரில் குடியிருக்கும் மனிதர்களுக்கும் அப்படி ஓர் எண்ணிக்கை வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. சுற்றுச்சூழல் தர சட்டம் 1974இலும், தூய காற்று விதிகள் 1978இலும் வந்தன. விதிகளை 2014இல் புதுப்பித்தார்கள். அபராதத்தின் உச்ச வரம்பு 2024 திருத்தத்தில் 1 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. பெட்ரோலில் ஈயம் 2000க்குள் ஒழிந்தது. 2021 ஏப்ரல் முதல் யூரோ 5 டீசல் கட்டாயம், பழைய யூரோ 2 டீசலில் பத்து லட்சத்தில் 500 பங்கு இருந்த கந்தகம் இதில் 10 பங்குதான். கப்பல் எண்ணெயில் கந்தகத்தை 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆக உலகம் முழுவதும் 2020இல் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சம் கொள்கலன்களைக் கையாளும் போர்ட் கிள்ளானுக்கு இது பெரிய விஷயம். கறுப்புப் புகை கண் முன்னே குறைந்துவிட்டது. இதை நான் முழு மனதோடு பாராட்டுகிறேன்.

குறைந்தது கண்ணுக்குத் தெரிந்த புகை. மிஞ்சியது பி.எம். 2.5, தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துகள். இது நுரையீரலின் கடைசி அறை வரை போகும். மலேசியாவின் நிலையங்கள் 2017இல்தான் இதை நாடு முழுக்க அளக்கத் தொடங்கின, அடுத்த ஆண்டு காற்றுத் தூய்மைக் குறியீட்டில் சேர்த்தார்கள். அதற்கு முன் அளந்தது பி.எம். 10. அந்த எண்களைக்கூட மக்கள் பார்க்க முடியாத காலம் ஒன்று இருந்தது. 1997 புகைமூட்டத்துக்குப் பிறகு, சுற்றுப்பயணிகள் பயந்துவிடுவார்கள் என்று அரசாங்கம் குறியீட்டை வெளியிடுவதை நிறுத்தியது. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி அவசர நிலை அறிவிக்க வேண்டி வந்தபோதுதான் அந்தத் திரை விலகியது. இன்று கைப்பேசியைத் தட்டினால் மணிக்கு மணி எண் வருகிறது. கிள்ளானில் ஜொகான் செத்தியா நிலையத்தின் எண் அடிக்கடி செய்தியாகிறது, பக்கத்துக் கரிச்சதுப்பு நிலத்தில் தீ பற்றும்போதெல்லாம் அது ஏறும்.

புகைமூட்டம் நம் பார்வையை ஒருவகையில் கெடுத்தும்விட்டது. சுமத்ராவில் எரிந்தால் பள்ளிக்கூடம் மூடுகிறார்கள், முகக்கவசம் கொடுக்கிறார்கள், தலையங்கம் எழுதுகிறார்கள். மழை வந்து வானம் வெளுத்ததும் 'காற்று சரியாகிவிட்டது' என்று எல்லாரும் வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். லோரியும் கொதிகலனும் திருட்டுத்தனமாக எரிக்கும் குப்பையும் ஆண்டு முழுக்க இருப்பவை. புற்றுநோய்க்கு ஒரு வாரத்துப் பெரும்புகையைவிட ஆண்டு முழுக்க நெஞ்சில் சேர்வதுதான் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பி.எம். 2.5இன் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம் என்றது. நம் நாட்டுத் தரம் 15.

இந்தத் துகளுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி உலக அளவில் முடிந்துவிட்டது. பன்னாட்டு முகமை 2012இல் டீசல் புகையையும், 2013 அக்டோபரில் வெளிக்காற்று மாசு முழுவதையும் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. எப்படி என்பதற்கும் விடை கிடைத்து வருகிறது. லண்டன் பிரான்சிஸ் கிரிக் ஆய்வுக் கூடத்தின் சார்ல்ஸ் சுவாண்டன் குழு 2023இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து, தென்கொரியா, தைவான் நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமான நுரையீரலிலும் வயது ஏற ஏறச் சில செல்களில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு பழுதாகிறது. அவை பெரும்பாலும் சும்மா கிடக்கும். நுண்துகள் வந்து அழற்சியைக் கிளப்பும்போது அந்தச் செல்கள் கட்டியாக வளரத் தொடங்குகின்றன. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொடாத ஆசியப் பெண்களுக்கு இந்த வகைப் புற்றுநோய் ஏன் இவ்வளவு வருகிறது என்ற நெடுநாள் புதிருக்கு இது ஒரு வழி காட்டியிருக்கிறது. சில ஆண்டுக் காற்றே போதும் என்பதும் இதில் தெரிகிறது. ஆகவே பழைய புகைக்கூடத்துப் புகையும் கணக்கில் வரும், நேற்றைய நெடுஞ்சாலைப் புகையும் வரும்.

இனி நம்முடைய நோய்க்கணக்கு. தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு ஐந்தாண்டுக்கு ஒரு முறை அறிக்கை தருகிறது. 2007 முதல் 2011 வரை 1,03,507 புதிய நோயாளிகள். 2012 முதல் 2016 வரை 1,15,238. 2017 முதல் 2021 வரை 1,68,822. மக்கள்தொகை கூடியிருக்கிறது, வயதும் கூடியிருக்கிறது, பதிவு செய்வதும் மேம்பட்டிருக்கிறது, ஆகவே இந்த ஏற்றம் முழுவதையும் காற்றின் தலையில் போட முடியாது. நுரையீரல் புற்றுநோயில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்து சேர்கிறார்கள் என்பது என்னை அதிகம் வருத்துகிறது.

அந்த அறிக்கையைப் புரட்டினால் ஆண், பெண், வயது, இனம், மாநிலம் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இனம் கேட்கப்படுவதால் இனத்தைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம், மற்ற இனத்தாரைவிட மிகுதி என்று தெரியும். வெற்றிலை பாக்கோடு புகையிலை மெல்லும் பழக்கம் காரணம் என்பது நிலைநாட்டப்பட்டது, அதை வைத்துப் பரிசோதனை முகாம் நடத்த முடிந்தது. நுரையீரல் புற்றுநோயில் சீனர்கள் முதலிலும் இந்தியர்கள் கடைசியிலும் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆகவே புகை தமிழனை மட்டும் தேடி வந்து கொல்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. சிலாங்கூர் என்பது அந்த அட்டவணையில் ஒரே ஒரு வரி, 70 லட்சம் பேருக்கு ஒரு வரி. சபாக் பெர்ணத்து நெல்வயலும் காப்பார் புகைப்போக்கியும் அந்த ஒரே வரிக்குள் இருக்கின்றன. மணிக்கு மணி அளக்கும் காற்றுக் கணக்கு சுற்றுச்சூழல் துறையிடம் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை எண்ணும் நோய்க்கணக்கு சுகாதார அமைச்சிடம் இருக்கிறது. இரண்டையும் முகவரி வாரியாகச் சேர்த்து மக்கள் முன் வைப்பது யாருக்கும் வேலையாக இல்லை.

சேர்த்தாலும் நம்மவர் விஷயத்தில் இன்னொரு முடிச்சு விழும். முகவரி மாறிப்போயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்கள் 1980, 90களில் ஒவ்வொன்றாக விற்கப்பட்டுத் தாமானாகவும் தொழிற்பேட்டையாகவும் கோல்ப் மைதானமாகவும் ஆயின. சனங்கள் நீண்டவீட்டுக்கும் புறம்போக்குக் கம்பத்துக்கும் மலிவு அடுக்குமாடிக்கும் சிதறினார்கள். ஷா ஆலாம் ஏழாவது பிரிவுக்குள் நிற்கும் பள்ளிக்கூடத்துக்கு இன்னமும் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பெயர். பள்ளிக்கூடத்தின் பலகையில் தோட்டம் இருக்கிறது, நோயாளியின் கோப்பில் இல்லை.

புத்ராஜெயாவைப் பாருங்கள். முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஆங்கிலேய அதிகாரிகள் 1921இல் அங்கே பிராங் பெசார் தோட்டத்தைத் தொடங்கினார்கள். பி.பி. 86 போன்ற ரப்பர் ரகங்கள் பிறந்த மண் அது, மரம் வெட்டிய எவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். நிர்வாகத் தலைநகர் எழுந்தபோது பிராங் பெசார், செட்ஜலி, மெடிங்லி, கேலவே தோட்டத்துக் குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். தேசியப் புற்றுநோய்க் கழகம் 2013இல் அதே புத்ராஜெயாவில் திறந்தது. நல்ல மருத்துவர்களும் நல்ல கருவிகளும் உள்ள இடம். அந்த மண்ணில் பால் வெட்டிப் புகையில் நின்ற ஒருவர் சிகிச்சைக்கு வந்தால், அவருடைய கோப்பில் இருப்பது அடுக்குமாடி முகவரி மட்டும்.

புகைக்குச் சொந்தக்காரரும் இப்போது தெரிவதில்லை. ஜென்ஜாரோமில் நடந்தது இதற்குச் சாட்சி. சீனா 2018 தொடக்கத்தில் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியதும், பணக்கார நாடுகளின் குப்பை போர்ட் கிள்ளானில் இறங்கியது. அவ்வாண்டின் முதல் ஏழு மாதங்களில் ஏழரை லட்சம் டன் மலேசியாவுக்குள் வந்தது. கிள்ளானுக்குத் தெற்கே, சுமார் 30,000 பேர் வாழும் ஜென்ஜாரோமைச் சுற்றிச் செம்பனைத் தோப்புகளுக்குள் உரிமம் இல்லாத உருக்காலைகள் முளைத்தன. பொழுது சாய்ந்த பிறகு வேலை நடக்கும். விற்க முடியாததை நடுச்சாமத்தில் எரிப்பார்கள். சாளரத்தை அடைத்தாலும் கருகிய பிளாஸ்டிக் வாடை தலையணை வரை வந்தது. குழந்தைகளுக்கு இருமல், பெரியவர்களுக்குத் தடிப்பு. பிவிசி எரிந்தால் டயாக்சின் உண்டாகும், அதில் மிக நச்சான வகையை 1997இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கோல லங்காட் சுற்றுச்சூழல் நடவடிக்கைச் சங்கத்தை அமைத்தார்கள். இரவில் வாடை வந்த திசையில் போய், கதவு மூடிய கொட்டகைகளைப் படம் பிடித்து, இடம் குறித்து, அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகளை மூடினார்கள். ஆனால் 17,000 டன் குப்பை ஊரிலேயே கிடந்தது. 2019 மே மாதம் அமைச்சர் இயோ பீ யின் போர்ட் கிள்ளானில் கொள்கலன்களைத் திறந்து காட்டி, 3,000 டன்னைத் திருப்பி அனுப்புவதாக அறிவித்தார்.

ஊர்க்காரர்கள் இதில் பாதி வேலையைச் செய்து முடித்தார்கள். புகையின் இடத்தைக் குறித்தார்கள். மீதிப் பாதி, அந்த இரவுகளில் அங்கே தூங்கிய பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல். அதை இப்போது எழுதி வைத்து அடுத்த முப்பது ஆண்டுக்குப் பின்தொடர வேண்டும். ஒரு தனிமனிதரோ சங்கமோ அதைச் செய்ய முடியாது. அரசாங்கம்தான் செய்ய முடியும்.

தமிழ்நாட்டிலும் இப்படிப் பாதி வேலைதான் நடந்தது. கடலூர் சிப்காட் தொழில் வளாகத்தைச் சுற்றியுள்ள கிராமத்தார் 2004இல் வாளிக்குள் பையை வைத்துத் தாங்களே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பிறகு இந்தியாவின் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி ஆராய்ந்து, அங்கே வாழ்வோருக்கு வாழ்நாள் புற்றுநோய் அபாயம் குறைந்தது 2,000 மடங்கு அதிகம் என்று கணித்தது. காற்றிலிருந்து போட்ட கணக்கு அது. உடம்புகளை எண்ணிப் பார்த்துச் சொன்னதல்ல. ஆலைக்காரர் கேட்பதோ எப்போதும் உடம்புக் கணக்கை.

ஆலைக்காரர் அப்படி உடம்புக் கணக்கைக் கேட்டது நம் நாட்டிலேயே நடந்தது. பேராக்கில் புக்கிட் மேரா ஊரில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் கதிரியக்கக் கழிவோடு தொடங்கியது. பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. ஊரார் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் மீனாட்சி ராமன், 1987 ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் உள்ளே போனவர். 1992 ஜூலை 11இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, நிறுவனத்தின் நிபுணர் சாட்சியத்தை ஏற்றது. அடுத்த ஆண்டு நிறுவனம் தானாகவே மூடிக்கொண்டு போயிற்று. ஆலை வருமுன் அந்த ஊரில் நோய் எவ்வளவு என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால், தாய்மார்கள் நீதிமன்றத்தில் அவ்வளவு நாள் நின்றிருக்க வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த ஏட்டை இப்போதாவது தொடங்கலாம். நுரையீரல் நோயாளி வந்தால், புகை பிடிப்பீர்களா என்ற கேள்வியோடு இன்னும் இரண்டு கேட்கலாம்: முப்பது ஆண்டில் எங்கெங்கே குடியிருந்தீர்கள், என்னென்ன வேலை பார்த்தீர்கள். தோட்டத்தின் பெயர் சொன்னால் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். நம் பெரியவர்கள் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் மறந்ததே இல்லை. நிறையப் பேர் எண்பதை நெருங்கிவிட்டார்கள், கேட்பதென்றால் இப்போதே கேட்க வேண்டும். பதிவேட்டை மாநில வாரியாக மட்டும் வெளியிடாமல் முக்கிம் வாரியாகவும் வெளியிடலாம், பெயர் இல்லாமல் எண் மட்டும் தந்தால் யாருடைய அந்தரங்கமும் கெடாது.

காப்பாரைப் பொறுத்தவரை நாள் குறித்தாகிவிட்டது. அங்கிருந்து மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம் 2029இல் முடிகிறது. நாடு முழுவதும் நிலக்கரியை 2044க்குள் கைவிடுவதாக அரசாங்கம் சொல்லியிருக்கிறது. சீனாவில் சோங்சிங் பக்கம் தொங்லியாங் என்ற ஊரில் இப்படி ஒரு நிலக்கரி மின்நிலையத்தை 2004இல் மூடினார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிரெடெரிக்கா பெரேரா குழு, மூடுமுன் 2002இல் பிறந்த குழந்தைகளையும், மூடியபின் 2005இல் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டது. தொப்புள்கொடி இரத்தத்தில், நிலக்கரிப் புகையின் புற்றுநோய்ப் பொருள் மரபணுவில் ஒட்டியிருக்கும் அடையாளத்தைத் தேடினார்கள். இரண்டாம் தொகுதிக் குழந்தைகளிடம் அது தெளிவாகக் குறைந்திருந்தது, வளர்ச்சியும் மேம்பட்டிருந்தது. 2002இல் அந்த முதல் தொகுதி இரத்தத்தை எடுத்து வைத்திருந்ததால்தான் அந்த ஒப்பீடு முடிந்தது. காப்பாரிலும் மேருவிலும் கிள்ளானிலும் 2029க்கு முன் பிறக்கும் பிள்ளைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைத் தாயின் சம்மதத்தோடு சில மில்லிலிட்டர் எடுத்து உறைபெட்டியில் வைக்கச் சுகாதார அமைச்சு இந்த ஆண்டே உத்தரவு போட வேண்டும்.